உன் அம்மா உன்னைக் கேட்ட நாட்கள்

மகன்,

நீங்கள் மூன்று பேரும் கனடாவுக்குத் திரும்பிப் போய் இன்றைக்கு நாலு கிழமை. போய்ச் சேர்ந்த அன்றே ஆரணி வீடியோவில் வந்து ஜன்னலுக்கு வெளியே கொட்டிக் கிடந்த பனியைக் காட்டினாள். நீ பின்னால் எங்கேயோ நின்று, "அப்பா, பிரஷர் குளுசை போட்டனீங்களா?" என்று கேட்டாய். ஓம், குளுசை விழுங்கியாச்சு என்றேன். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை கதைத்துவிட்டோம். என் முழங்கால், இங்கத்தைய வெயில், உன் வேலை. நீ கேட்க நினைத்ததை நீ கேட்கவில்லை, நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. தொலைபேசியில் என்னால் ஏலாது. உன் குரல் கொஞ்சம் தழுதழுத்தாலே நான் உடனே வேறு கதைக்குத் தாவிவிடுவேன். அது என் பழக்கம், எழுபத்தைந்து வயதில் இனித் திருந்தாது. அதனால்தான் கொப்பியும் பேனையுமாக இருந்துவிட்டேன். இதை நீ ஒளித்து வைத்து வாசிக்க வேண்டாம். மருமகளுக்கும் காட்டு. ஆரணிக்கு விளங்குகிற வயது வரும்போது அவளுக்கும் காட்டு. இந்த வீட்டில் ஒளித்ததெல்லாம் போதும்.

எழுபத்தைந்தாவது பிறந்தநாள் என்று நீ முதலில் சொன்னபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகின் அடியில் எஞ்சின் சூட்டுக்குள் நின்றவனுக்கு என்ன பிறந்தநாள். ஆனால் நீ விடவில்லை. பதினாறு வருடம் வராதவன், இப்போது குடியுரிமை கிடைத்து, பயமில்லாமல் வரலாம் என்ற நிலை வந்ததும், "இந்த முறை வந்தே தீருவன்" என்றாய். உப்புவெளியில் கடற்கரைப் பக்கமாக ஒரு விடுதி எடுத்தாய். எல்லோரும் ஒன்றாக நாலு நாள் இருக்க வேண்டும், தங்கச்சியும் குடும்பத்தோடு வந்து நிற்க வேண்டும் என்றாய். அதைத்தான் நீ உண்மையில் விரும்பினாய் என்று எனக்குத் தெரியும். பிறந்தநாள் ஒரு சாட்டு. பதினாலு வருடமாக உன்னோடு ஒரு வார்த்தை கதைக்காத தங்கச்சியை ஒரு மேசையில் உன் எதிரே பார்க்க உனக்கு ஆசை.

தங்கச்சி வதனியிடம் நான் போய்க் கேட்டபோது அவள் பள்ளிக்கூடத்தால் வந்து சேலைகூட மாற்றாமல் கதிரையில் இருந்தாள். "உங்கடை பிறந்தநாளுக்காக வாறன் அப்பா. அவரோடை கதைக்கச் சொல்லி மட்டும் கேக்காதேங்கோ" என்றாள். சரி என்றேன். ஒரு நாலு நாள் பக்கத்துப் பக்கத்தில் படுத்து எழும்பினால், கடல் குளித்தால், நண்டுக்கறி சாப்பிட்டால், ஒரு கேக் வெட்டினால், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்காமலே சரியாகிவிடும். அதுதான் என் கணக்கு. என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதல் இரண்டு நாளும் பெரிய குழப்பம் இல்லை. வதனி ஆரணிக்குத் தலை பின்னிவிட்டாள். மருமகளோடு குசினிக்குள் சிரித்துக் கதைத்தாள். நீ உள்ளே வந்தால் மட்டும் எதையாவது தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நீ அதைக் கண்டும் காணாததுபோல இருந்தாய். மூன்றாம் நாள், பிறந்தநாள் காலமை, புறாத்தீவுக்குப் போவோம் என்றாய். நிலாவெளியில் படகு ஏறும்போது ஆரணிக்குப் போட்ட மிதவைச் சட்டை அவளுடைய காதுவரை வந்தது. அவள் அதற்குள்ளிருந்து ஆமை மாதிரித் தலையை நீட்டிச் சிரித்தாள். பாதி வழியில் நீ குமட்டி, படகுக்கு வெளியே குனிந்து சத்தி எடுத்தாய். துறைமுகத்துக்காரன் பெற்ற பிள்ளை கால் மணித்தியாலப் படகு ஓட்டத்தில் சத்தி எடுக்கிறான் என்று நான் நக்கலடிக்க, வதனியின் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து போனது. நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். அந்த ஒரு நிமிடம் என் கணக்குச் சரிவந்துவிட்டது என்றே நினைத்தேன்.

தீவில் இறங்கியதும் ஆரணி குனிந்து ஒரு கை அள்ளி, "அப்பப்பா, இது மண் இல்லை, சின்னச் சின்ன எலும்பு" என்றாள். செத்த பவளத் துண்டுகள் என்று சொல்லிக்கொடுத்தேன். "அப்ப இது எல்லாம் செத்ததா?" என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கேள்வி தாவும். நீ ஈரத் துவாயைப் பிழிந்துகொண்டு நின்றாய். அவள் வதனியிடம் திரும்பி, "மாமி, அப்பம்மா எப்படிச் செத்தவ?" என்றாள்.

வதனி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உங்கடை அப்பாவைக் கேட்டுக் கேட்டுத்தான் செத்தவ. நாலு மாசம் பாயிலை கிடந்தவ. வந்து பாக்க உங்கடை அப்பாவுக்கு நேரம் கிடைக்கேல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பிள்ளைக்குப் பாடம் விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

நீ "நாலு மாசமா?" என்றாய். மிக மெல்ல. அவளைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. அந்தப் பார்வையை நான் எத்தனையோ வருடமாக எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தவன். அன்றைக்கு, அந்த இடத்தில், எனக்கு வாய் இருந்தது. ஒரு வசனம் போதும். "பிள்ளை, அவனுக்கு நான் சொல்லேல்லை" என்று நான் சொல்லியிருந்தால் உன் தங்கச்சி அந்தக் கரையிலேயே உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "வெயில் ஏறுது, படகுக்காரன் காத்துக்கொண்டு நிக்கிறான், வாங்கோ எல்லாரும்." அதைத்தான் சொன்னேன்.

உனக்கும் வாய் இருந்தது. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அப்பா அல்சர் எண்டுதான் சொன்னவர்" என்று நீ சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லி உன்னைக் காப்பாற்றிக்கொள்ள உனக்கு எல்லா நியாயமும் இருந்தது. நீ சொல்லவில்லை. குனிந்து ஆரணியின் செருப்பு வாரைச் சரிப்படுத்தினாய். தகப்பனுடைய பிறந்தநாளில், அவனுடைய மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் முன்னால், அவனைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாய். மத்தியானம் விடுதியில் கேக்கை வெட்டி என் வாயில் வைத்தவனும் நீதான். நான் விழுங்கினேன்.

அன்று பின்னேரம் நீ தனியாகப் போய்க் கரையில் இருந்தாய். நான் பின்னால் வந்தது உனக்குத் தெரியாது. ஆரணி ஓடிவந்து உன் முகத்தைப் பார்த்து, "அப்பா, அழுறீங்களா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, கண்ணுக்குள்ளை உப்புத்தண்ணி" என்றாய். அவள் நம்பவில்லை, மகன். ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரு கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, தன் துவாயை உன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். உன் வாயில் என் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. அப்படியே திரும்பி நடந்துவிட்டேன்.

நீங்கள் வெளிக்கிட்ட காலமை, அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வான் வந்து நிற்க, மருமகளும் பிள்ளையும் ஏறிவிட்டார்கள். நீ கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அம்மா என்னைக் கேட்டவவா?" என்றாய். நான், "தாய்மார் எல்லாரும் கேப்பினம்தானே. ட்ரைவர் பாத்துக்கொண்டு நிக்கிறான், ஏறு" என்றேன். நீ ஏறினாய். வான் மெயின் ரோட்டில் திரும்பும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். இந்தக் கடிதம் அன்றைக்குத்தான் தொடங்கியது. எழுத நாலு கிழமை எடுத்திருக்கிறது.

இனி நான் சொல்வதை நின்று கேள்.

நீ அங்கே போய் இரண்டாவது வருடம். உன் அகதி வழக்கு விசாரணைக்கு எடுபடாமல் கிடந்தது. நீ வெளிக்கிட்ட பிறகும் உன்னைத் தேடி இரண்டு தரம் வீட்டுக்குப் புலனாய்வு ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் தரம் வந்தவர் அலுமாரிக்கு மேலே இருந்த உன் படத்தை எடுத்துப் பார்த்து, துடைத்து, திரும்ப வைத்துவிட்டு, "மகன் எப்ப வருவார் ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குப் பயம். அந்த நாட்களில்தான் அம்மாவின் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். டொக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, இன்னும் கிட்டத்தட்ட நாலு மாதம்தான் என்றார். நான் வெளியே வந்தேன். அம்மா சுவரோர வாங்கில் இருந்தபடியே, "என்னவாம்?" என்றா. "வாயுவாம்" என்றேன். அவ என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீ போன் எடுத்தபோது அல்சர் என்றேன். "நான் வரட்டா அப்பா?" என்று கேட்டாய். ஓம், நீ கேட்டாய். அதை நான் மறக்கவில்லை. "விசரே உனக்கு? நீ வந்து என்ன செய்யப்போறாய்? வழக்கைப் பார்" என்று ஏசினேன். வந்தால் வழக்குப் போய்விடும். வழக்குப் போனாலும் பரவாயில்லை, விமான நிலையத்திலேயே உன்னைப் பிடித்தால் என்ன செய்வது? ஒருத்தியை எப்படியும் இழக்கப் போகிறேன், இரண்டு பேரை இழக்க என்னால் ஏலாது. அப்படித்தான் எண்ணினேன். அந்தப் பயம் பொய் இல்லை, மகன். அந்தக் காலத்தில் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் உண்மையைச் சொல்லி, "வராதை, ஆனா அம்மாவோடை நாளுக்கு நாலு தரம் கதை" என்று நான் சொல்லியிருக்கலாம். அது என் புத்தியில் ஏறவில்லை. தெரிந்தால் நீ வந்துவிடுவாய் என்றுதான் பயந்தேன். உன் உயிர் உன்னுடையது. வருவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவன் நீ. நான் அதை உன்னிடமிருந்து களவெடுத்தேன்.

வதனி அப்போது மட்டக்களப்பில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை ஒரு வருடம் நிற்பாட்டிவிட்டு வந்து தாயைக் குளிப்பாட்டினாள், துடைத்தாள், கஞ்சி பருக்கினாள். "அண்ணாவுக்கு எடுத்துச் சொல்லுவம்" என்றாள். "நான் சொல்லிப்போட்டன். அவனுக்கு எல்லாம் தெரியும். வர ஏலாதாம். நீ எடுத்து அவனைக் குழப்பாதை" என்றேன். அந்தச் சொல்லில்தான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் எழும்பியது. எல்லாம் தெரிந்தும் வராதவன், தெரிந்தும் ஒரு சொல் கேட்காதவன் என்று அவள் உன்னை நினைத்தாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. தாயின் வேதனை முழுவதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவளைக் குறை சொல்லாதே.

அம்மா முதல் மாதம் உன்னோடு கதைத்தா. பிறகு குரல் மெலிந்துபோனது. அந்தக் குரலைக் கேட்டால் உனக்கு விளங்கிவிடும். அதனால் நீ எடுக்கும்போதெல்லாம் நான் முற்றத்துக்கு வந்து நின்று, "அம்மா நித்திரை" என்றேன். அவ நித்திரை இல்லை. அறைக்குள் கிடந்து, "ஆர் அது? தம்பியோ?" என்று கேட்பா. "துறைமுகத்துப் பெடியன் ஒருத்தன்" என்பேன். பிறகு அவவே, "அவனுக்கு ஒருக்கா எடுங்கோ. நான் அழமாட்டன். சாப்பிட்டியா எண்டு மட்டும் கேக்கிறன்" என்று கேட்கத் தொடங்கினா. நான் போனை எடுத்து, இலக்கங்களை அழுத்துவதுபோல அழுத்தி, காதில் வைத்து, "லைன் போகுதில்லை" என்பேன். முதலில் நம்பினா. பிறகு ஒரு நாள், "உங்கடை கனடா லைன் மட்டும் ஒரு நாளும் போகாதோ?" என்று சிரித்தா. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கேட்டா. கேட்காத நாள் இல்லை.

கடைசிக் கிழமை ஒரு மத்தியானம், வதனி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் வழமைபோல அழுத்தி, காதில் வைத்து, லைன் போகுதில்லை என்றேன். அம்மா கையை நீட்டினா. கொடுத்தேன். வாங்கித் தன் காதில் வைத்தா. சத்தமே இல்லாத அந்தப் போனுக்குள், "ராசா, சாப்பிட்டியா?" என்றா. கொஞ்சம் பொறுத்தா. நீ ஏதோ பதில் சொல்கிறாய் என்பதுபோலத் தலையை ஆட்டினா. "சரி, கவனமா இரு" என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்தா. அதற்குப் பிறகு அவ போனைக் கேட்கவில்லை. அவ கண்ணை மூடிய பிறகு உனக்கு எடுத்து, அல்சர் திடீரென்று முற்றிவிட்டது என்றேன். அவவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். நான் ஏன் செய்கிறேன் என்பதும் தெரிந்திருக்கும். அதனால்தான் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உனக்குப் பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தபோதும் நான் இப்படித்தான் செய்தேன். மூன்று புள்ளியால் உனக்குத் தவறிவிட்டது. "இன்னும் வரேல்லை" என்று ஒரு கிழமை சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் உன்னோடு படித்த பிள்ளைகள்தான் உனக்குச் சொன்னார்கள். நீ வீட்டுக்கு வந்து, தவறியதற்கு அழவில்லை. "தெரிஞ்சுகொண்டே சொல்லேல்லையா அப்பா?" என்றுதான் அழுதாய். அன்றைக்கு அம்மா என்னைப் பார்த்து, "அவன்ரை துக்கத்தை அவனிட்டைக் குடுங்கோ. அதை நீங்கள் வச்சிருந்து என்ன செய்யப்போறியள்?" என்றா. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. இவள் பிள்ளையில் இரக்கம் இல்லாமல் கதைக்கிறாள் என்று நினைத்தேன். எழுபத்தைந்து வயதில் இப்போது விளங்குகிறது. அதனால் உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆரணி அழுகிறீர்களா என்று கேட்டால், ஓம் என்று சொல்லு. ஏன் என்று கேட்டால், அவளுக்கு விளங்கக்கூடிய அளவுக்குச் சொல்லு. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் சொல்லும் பொய்களில் முக்கால்வாசி எங்களைக் காப்பாற்றத்தான். அவர்கள் அழுவதைப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

பதினான்கு நாளைக்கு முன்னர் வதனியிடம் சொன்னேன். அவள் எனக்குப் பின்னேரச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருந்தாள். நான் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். போன் கதையையும் சொன்னேன். சிவப்புப் பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

"லைன் எடுத்த மாதிரி நடிச்சனீங்களா?"

"ஓம்."

"அம்மாவுக்கு முன்னாலை இருந்துகொண்டு?"

"ஓம் பிள்ளை."

மூடிய பேனையை உருட்டிக்கொண்டு, "அண்ணா எனக்கு எத்தினை மெசேஜ் போட்டவர் தெரியுமா அப்பா? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், கலியாணத்துக்கு, பிள்ளை பிறக்க. ஒண்டையும் நான் வாசிக்கேல்லை. எல்லாத்தையும் அழிச்சனான். இப்ப நான் அதை எங்கை போய் வாசிக்கிறது?" என்றாள். கொப்பிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் வரவில்லை. மருமகன் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சாப்பிடுங்கோ மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் வந்தாள். உள்ளே இருக்கவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "அண்ணாவோடை நான் கதைக்கவேணும். ஆனா அவருக்குத் தெரியாததை நான் சொல்லமாட்டன். அது உங்கடை வேலை. எழுதுங்கோ. ஒண்டையும் விடாமல் எழுதுங்கோ" என்றாள். "என்னிலை கோவமா பிள்ளை?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டுவிட்டேன். "கோவம் எண்டு சொல்ல ஏலாது அப்பா. உங்களைப் பாக்கேக்குள்ளை அம்மா போனைக் காதிலை வச்சுக்கொண்டு இருக்கிறதுதான் தெரியுது. அது எப்ப போகும் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள்.

அவள் சொன்னது சரி. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், நீ அப்படிப்பட்டவன். பிறந்தநாள் அன்றைக்கே தந்துவிட்டாய். ஆனால் அதைத் தர வேண்டியவ இப்போது இல்லை. ஆனபடியால் நீ அவசரப்பட வேண்டாம். கோபம் வந்தால் கோபப்படு. ஞாயிற்றுக்கிழமை எடுக்காமல் விட நினைத்தால் விடு. நான் இங்கே காத்துக்கொண்டு இருப்பேன், ஆனால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கமாட்டேன்.

இந்தப் பக்கங்களை மருமகன் படம் பிடித்து இன்றைக்கு உனக்கு அனுப்புவார். வாசிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வாசித்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை, உங்களுடைய காலமை, வதனி தன் வீட்டிலிருந்து உனக்கு எடுப்பாள். நானும் வரட்டா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள். முதலில் இரண்டு பேரும் அழுவீர்கள். அழுங்கள். அம்மாவைப் பற்றி அவளிடம் கேள். அந்த நாலு மாதமும் என்ன சாப்பிட்டா, என்ன சொன்னா, கடைசியில் யார் கையைப் பிடித்திருந்தா என்று அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் தன் மனதில் வைத்திருக்கிறதில் பாதி உனக்குரியது. என்னைப் பற்றியும் கதைப்பீர்கள். எனக்கு நல்லதாக இருக்காது. இருக்கட்டும். பதினாலு வருடம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அங்கே ஒரு கதையும் இங்கே ஒரு கதையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சனிக்கிழமை நான் நடுவில் இல்லை. நீ போனை எடு.

அப்பா